உம் கொட்டியவர்கள்

1944ஆம் ஆண்டு பிறந்தபோது ஜே. ஆர். ஆர். டோல்கீனின் கதை நடுவழியில் நின்றுபோயிருந்தது. 1937 டிசம்பரில் தொடங்கிய கதை அது. ஆறு வருடம் கழித்தும் நாயகனும் அவன் தோழனும் போய்ச் சேரவேண்டிய மலை வெகுதூரத்தில் இருந்தது. அந்த இருவரையும் ஓர் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு மற்றப் பாத்திரங்களின் பின்னால் போனவர், அவர்களிடம் திரும்பி வரவேயில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் அவர் பழைய ஆங்கிலத்துக்குப் பேராசிரியர். பாடம், விடைத்தாள், விமானத் தாக்குதலுக்கான இரவுக் காவல் என்று நாட்கள் ஓடின. காகிதத் தட்டுப்பாட்டில், திருத்திய விடைத்தாள்களின் பின்பக்கத்தில்கூட எழுதினார். தட்டச்சுக்கு ஆள் வைக்க வசதியில்லை; எல்லாவற்றையும் தாமே தட்டினார். மூன்றாவது மகன் கிறிஸ்டோபர் விமானப்படையில் சேர்ந்து பயிற்சிக்காகத் தென்னாப்பிரிக்காவுக்குப் போய்விட்டான்.

அந்த ஏப்ரலில் கதை மறுபடி நகர்ந்தது. ஏப்ரல், மே என்ற இரண்டே மாதங்களில், இன்று ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலின் நான்காம் பாகமாக இருப்பதில் பெரும்பகுதி எழுதி முடிந்தது. இடைப்பட்ட காலத்தில் போரும் ஓயவில்லை, வேலையும் குறையவில்லை. மாறியது ஒன்றுதான். நண்பர் சி. எஸ். லூயிஸ் அடுத்த அத்தியாயம் எங்கே என்று கேட்கத் தொடங்கினார். கடல் கடந்த மகன் தபாலில் அடுத்த தொகுப்பை எதிர்பார்த்திருந்தான். டோல்கீன் ஓர் அத்தியாயத்தை எழுதுவார், காலையில் லூயிஸிடம் வாசித்துக் காட்டுவார், பிறகு தட்டச்சுப் படியைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்புவார். மே கடைசியில் மகனுக்கு எழுதிய கடிதத்தில், கடைசி அத்தியாயத்தைக் கேட்ட லூயிஸுக்குக் கண்ணீரே வந்துவிட்டது என்று சொல்கிறார். படிக்கும்போது அந்தப் பேராசிரியரின் மகிழ்ச்சி நமக்கும் தொற்றுகிறது.

நம் வீடுகளில் கதை சொல்கிற பாட்டிகள் முதலில் ஒரு நிபந்தனை போடுவார்கள்: உம் கொட்ட வேண்டும். இருட்டில் பேரப்பிள்ளையின் முகம் தெரியாது. ‘உம்’ வந்தால் கதை நடக்கும். அது நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது, கதையும் அங்கேயே நிற்கும். அந்த ‘உம்’ பாராட்டு அல்ல. கதை நன்றாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ அது சொல்வதில்லை. நான் இங்கே இருக்கிறேன், அடுத்ததற்குக் காத்திருக்கிறேன் என்பது மட்டுமே அதன் பொருள். புனைகதை எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கக்கூடிய ஊக்கம் இந்த ‘உம்’தான் என்பது என் துணிபு. ஆக்ஸ்ஃபோர்டில் எழுத்தாளர்களின் ஒரு சிறு வட்டம் ஏறத்தாழ இருபது வருடம் ஒருவருக்கொருவர் உம் கொட்டியது. கடிதம், நாட்குறிப்பு, கைப்பிரதி என்று அதற்கு நிறையச் சான்றுகள் மிஞ்சியிருப்பதால், ஊக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதை அங்கே கிட்ட நின்று பார்க்க முடிகிறது.

டோல்கீனும் லூயிஸும் 1926 மே மாதம் ஆங்கிலத் துறைக் கூட்டம் ஒன்றில் சந்தித்தார்கள். நட்பு உடனே முளைத்துவிடவில்லை. 1929 டிசம்பரில் டோல்கீன் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பல வருடமாகத் தனியே எழுதிவந்த, இன்னும் முடியாத ஒரு நெடுங்கவிதையை லூயிஸிடம் படிக்கக் கொடுத்தார். பெரென் என்ற மனிதனும் லூதியென் என்ற தேவமகளும் காதலித்த கதை அது. லூயிஸ் அன்றிரவே உட்கார்ந்து படித்து, மகிழ்ந்து எழுதினார். அதோடு விடாமல், பிறகு பதினான்கு பக்கங்களில் விரிவான விமர்சனமும் அனுப்பினார்.

அந்த விமர்சனத்தின் வடிவம்தான் என்னை மிகவும் கவர்ந்தது. கவிதை ஏதோ பழங்காலத்து ஏட்டில் கிடைத்தது போலவும், அதைப் பல பண்டிதர்கள் ஆராய்ந்து சண்டையிட்டது போலவும் லூயிஸ் எழுதினார். பண்டிதர்கள் அவர் கற்பனையில் பிறந்தவர்கள். பம்பர்நிக்கல், பீபாடி என்றெல்லாம் பெயர் வைத்தார். வலுவில்லாத ஒரு வரி வந்தால், இது கவியின் கை அல்ல, ஏடு பெயர்த்தவனின் பிழை என்று ஒரு பண்டிதர் சொல்வார்; இன்னொருவர் வேறு பாடம் காட்டுவார். நம் உரையாசிரியர்களைப் படித்தவர்களுக்கு இந்த நயம் உடனே புரியும். கவியின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டே வரியைக் குறை சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. குறை சொல்வதற்காக ஒருவன் இவ்வளவு பாடுபட்டிருக்கிறான் என்பதே கவிதைக்குக் கிடைத்த மரியாதை. டோல்கீன் லூயிஸ் சுட்டிய வரிகளில் பலவற்றைத் திருத்தி எழுதினார்.

இருவர் வட்டமானது 1930களின் தொடக்கத்தில். ‘இங்க்ளிங்ஸ்’ என்ற பெயர் முதலில் ஒரு மாணவர் சங்கத்துக்கு உரியது. அச்சாகாத எழுத்தை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்ட ஆரம்பித்த சங்கம் அது. சங்கம் கலைந்த பிறகு, பெயர் லூயிஸின் நண்பர்களிடம் வந்து ஒட்டிக்கொண்டது. மங்கலாகத் தோன்றும் எண்ணம் என்ற பொருளும் மையில் புழங்குகிறவர்கள் என்ற சிலேடையும் அந்தச் சொல்லில் சேர்ந்திருக்கின்றன. வியாழன் இரவுகளில் மாக்டலென் கல்லூரியில் லூயிஸின் அறையில் கூடினார்கள். வாரத்தில் ஒருநாள் பகலில் ‘ஈகிள் அண்ட் சைல்ட்’ என்ற மதுவிடுதியிலும் சந்தித்தார்கள். அது வெறும் பேச்சுக்கு, வாசிப்பு வியாழனுக்கு. தலைவர் கிடையாது, செயலாளர் கிடையாது, சந்தா கிடையாது, தீர்மானம் கிடையாது. லூயிஸின் அண்ணன் வாரன் நினைவுகூர்வதன்படி, தேநீர் வந்து புகைக்குழாய்கள் பற்றிக்கொண்டதும், படிக்க யாரிடமாவது ஏதாவது இருக்கிறதா என்று லூயிஸ் கேட்பார். யாராவது ஒரு கைப்பிரதியை எடுப்பார். பிறகு தீர்ப்பு. நல்லதைத் தாராளமாகப் புகழ்ந்தார்கள். நல்லதல்லாததை முகத்துக்கு நேரே சொன்னார்கள். ஒருவர் முதுகை ஒருவர் தட்டிக்கொடுக்கிற கூட்டமாக அது இருக்கவில்லை என்பதில் வாரனுக்குப் பெருமை.

வந்தவர்கள் எல்லாரும் பேராசிரியர்கள் அல்லர். வாரன் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. ஓவன் பார்ஃபீல்ட் வழக்கறிஞர். ஹவார்ட் மருத்துவர். 1939இல் போர் மூண்டதும் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் லண்டன் அலுவலகம் இடம் மாறியதால் அதன் பதிப்பாசிரியரும் நாவலாசிரியருமான சார்லஸ் வில்லியம்ஸ் வந்து சேர்ந்தார். பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்ஸைப் பற்றி வாரனே ஒரு நூல் எழுதி அந்த அறையில் வாசித்தார். பிறர் எழுதுவதைக் கேட்டுக் கேட்டு எழுதத் துணிந்தவர் என்று அவரைச் சொல்லத் தோன்றுகிறது; 1953இல் முதல் நூல் வந்தபோது அவருக்கு வயது 58.

வாசித்துக் காட்டுவது என்ற வழக்கத்துக்கு இங்கே தனி மதிப்பு உண்டு. கைப்பிரதியைக் கையில் கொடுத்தால் வாங்கியவர் ஆறு மாதம் மேசையில் வைத்திருக்கலாம். பிறகு நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். வாசித்துக் காட்டும்போது இருதரப்புக்கும் தப்ப வழியில்லை. கேட்பவரின் சலிப்பு நாற்காலி நகரும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். எழுதியவருக்கோ அடுத்த வியாழன் என்பது பக்கக் கணக்கைவிடக் கண்டிப்பான கெடு.

பக்கக் கணக்கு என்றதும் ஆந்தனி ட்ரோலப் ஞாபகம் வருகிறது. நெடுங்காலம் அஞ்சல் துறையில் வேலை பார்த்த, 47 நாவல்கள் எழுதிய விக்டோரியா காலத்து ஆங்கில எழுத்தாளர். விடியற்காலை ஐந்தரைக்கு மேசைக்கு வந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொற்கள் என்று எழுதினார். எழுதிய பக்கங்களை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் பதிந்தார். ஒருநாள் சும்மா இருந்தால் அந்த ஏடு முகத்தில் அறைந்தது போலக் காட்டிக்கொடுக்கும். தனி ஆளாக இலக்கு வைத்து வென்றதற்கு அவரைத்தான் எல்லாரும் உதாரணம் சொல்வார்கள். ஆனால் அவரது தன்வரலாற்றில் ஒரு முதிய வேலைக்காரர் வருகிறார். வருடத்துக்கு ஐந்து பவுன் கூடுதலாக வாங்கிக்கொண்டு, தினமும் காப்பியோடு வந்து ட்ரோலப்பை எழுப்பிவிடுவது அவர் வேலை, ஒருநாளும் தவறவில்லை. தன் வெற்றிக்கு வேறு யாரையும்விட அவருக்கே அதிகம் கடன்பட்டிருக்கலாம் என்று ட்ரோலப் எழுதியிருக்கிறார். அந்த வேலைக்காரர் அவர் நாவல்களைப் படித்தாரோ என்னவோ. எழுந்துவரக் காத்திருந்தார், அது போதுமானதாக இருந்தது.

லூயிஸும் டோல்கீனும் சேர்ந்து இலக்கு வைத்ததும் உண்டு. 1936 வாக்கில், தங்களுக்குப் பிடித்த மாதிரிக் கதைகளை யாரும் எழுதுவதில்லை, நாமே எழுதிவிட வேண்டியதுதான் என்று பேசி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள்: லூயிஸ் விண்வெளிப் பயணம் எழுதவேண்டும், டோல்கீன் காலப் பயணம். லூயிஸ் முடித்தார். வட்டத்தில் வாசித்து ஒப்புதல் பெற்ற அந்த நாவலைப் பதிப்பிக்கும்படி டோல்கீன் தமது பதிப்பாளருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினார். ‘அவுட் ஆஃப் தி சைலன்ட் பிளானட்’ 1938இல் வெளிவந்தது. டோல்கீனின் காலப் பயணக் கதை சில அத்தியாயங்களோடு நின்றது. போர் முடிந்த சமயம் அதே கருவை வேறு வடிவில் எடுத்து, அதையும் விட்டார். அந்த இரண்டாம் முயற்சியின் களம், ஒருவருக்கொருவர் எழுத்தை வாசித்துக் காட்டும் ஆக்ஸ்ஃபோர்டு நண்பர்களின் சங்கம். ஒப்பந்தம் தோற்றது என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரே இலக்கு இரண்டு பேரிடம் இரண்டு விதமாக விளைந்தது. ஒருவர் இரண்டு வருடத்தில் நூல் முடிக்கிறவர், இன்னொருவர் முப்பது வருடம் ஒரே மண்ணை உழுகிறவர். முந்தியவர் பிந்தியவரைப் பார்த்துச் சலித்துக்கொள்ளவில்லை என்பதைத்தான் இங்கே கவனிக்க வேண்டும்.

இந்த வட்டத்தால் எழுத்து மாறியதா என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு இருக்கிறது. 1978இல் இவர்களைப் பற்றிய வரலாற்றை எழுதிய ஹம்ப்ரி கார்ப்பென்டர், அவர்கள் நண்பர்களே தவிர ஒருவர் எழுத்தை ஒருவர் பெரிதாக மாற்றியவர்கள் அல்லர் என்ற முடிவுக்கே வந்தார். லூயிஸின் கடிதம் ஒன்று அதற்குத் துணை நிற்கிறது. டோல்கீனை யாராலும் பாதிக்க முடியாது, லூயிஸ் கரோலின் பேண்டர்ஸ்னாட்ச் விலங்கைப் பாதிக்கப் பார்ப்பது போன்றது அது; குறை சொன்னால் ஒன்று காதிலேயே வாங்கமாட்டார், அல்லது முதலிலிருந்து திரும்ப எழுதுவார் என்று 1959இல் அவர் எழுதினார். 2007இல் டயானா பாவ்லாக் கிளையர் ‘தி கம்பெனி தே கீப்’ என்ற நூலில் இந்த எண்ணத்தை மறுத்தார். கைப்பிரதிகளையும் கடிதங்களையும் ஒப்பிட்டு, இவர்கள் ஒருவருக்கொருவர் எதிரொலிப்பவர்களாகவும் எதிர்ப்பவர்களாகவும் திருத்துபவர்களாகவும் கூடி எழுதுபவர்களாகவும் இருந்ததை வரிவரியாகக் காட்டினார்.

நான் கிளையர் பக்கம். முதலிலிருந்து திரும்ப எழுதவைப்பது பாதிப்பு இல்லையென்றால் பிறகு எதுதான் பாதிப்பு? சான்றுகளும் இருக்கின்றன. 1938இல் கதையின் ஆரம்ப அத்தியாயங்களில் ஹாபிட்டுகள் என்ற சிற்றுருவ இனத்தாரின் வீட்டுப் பேச்சு நீண்டுகொண்டே போனது. டோல்கீனுக்கு அதை எழுதுவதில் தனி இன்பம். ஹாபிட்டுகள் தங்களுக்குப் பழகாத இடத்தில் மாட்டிக்கொள்ளும்போதுதான் சுவை என்று லூயிஸ் சொன்னார். பதிப்பாளரின் சின்னப் பையன் ரேனரும் அதையே சொன்னான். பத்து வயதில், டோல்கீனின் முந்தைய நூலான ‘தி ஹாபிட்’ கைப்பிரதியைப் படித்து அறிக்கை எழுதி ஒரு ஷில்லிங் கூலி வாங்கிய பையன் அவன். இருவர் சொன்னதையும் டோல்கீன் ஏற்றுக்கொண்டார்.

ஆனாலும் டோல்கீன் தாமே எதற்கு நன்றி சொன்னார் என்பது எனக்கு இதைவிட முக்கியம். லூயிஸ் இறந்து இரண்டு வருடம் கழித்து, 1965இல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில், தாம் லூயிஸுக்குப் பட்ட தீர்க்கமுடியாத கடன் வழக்கமாகச் சொல்லும் செல்வாக்கு அல்ல, வெறும் ஊக்கம்தான் என்றார். நெடுங்காலம் லூயிஸ் ஒருவரே தமது வாசகர் என்றும், தாம் எழுதுவது சொந்தப் பொழுதுபோக்கைவிடப் பெரிதாக இருக்கலாம் என்ற எண்ணமே அவரால்தான் வந்தது என்றும் சொன்னார். 73 வயது மனிதர், உலகப் புகழ் வந்த பிறகு சொன்னது இது. பாதியில் நிற்கும் கைப்பிரதியோடு வருடக்கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு இதன் பாரம் தெரியும். எழுதியது நன்றாக இருக்கிறதா என்ற சந்தேகம் அத்தனை கொடியதல்ல. இது யாருக்கு வேண்டும் என்ற கேள்விதான் பேனாவை மூடவைக்கிறது.

இங்க்ளிங்ஸ் முழுக்க ஆண்களின் வட்டம். ஆக்ஸ்ஃபோர்டில் அவர்களுக்கு இருபது வருடம் முந்தியே பெண்கள் இதைச் செய்திருந்தார்கள். 1912இல் சோமர்வில் கல்லூரியில் டோரதி செயர்ஸும் தோழிகளும் எழுதியதை ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்டும் வட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். எப்படியும் பிறர் அப்படித்தான் பேசப்போகிறார்கள் என்று ‘பரஸ்பரப் பாராட்டுச் சங்கம்’ என்ற பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். அன்று பெண்கள் அங்கே படிக்கலாம், தேர்வு எழுதலாம், பட்டம் கிடையாது. 1920இல்தான் கிடைத்தது; முதன்முதலில் வாங்கியவர்களில் செயர்ஸும் ஒருவர். 1923இல் அவரது முதல் துப்பறியும் நாவல் ‘ஹூஸ் பாடி?’ வெளிவந்தபோது, சங்கத்துத் தோழி மியூரியல் ஜேகருக்கு அதைச் சமர்ப்பித்தார். இந்தப் புத்தகம் வந்ததற்கு நீதான் காரணம், நீ இரக்கமில்லாமல் வற்புறுத்தாவிட்டால் என் துப்பறிவாளர் கடைசிவரை வந்திருக்கவே மாட்டார் என்ற பொருளில் சமர்ப்பணம் அமைந்திருக்கிறது. பட்டம் மறுக்கப்பட்டவர்களுக்கு, நீ எழுதுவது பொருட்டானது என்று சொல்ல வெளியே யாரும் இல்லை. அந்த வேலையைத் தோழிகள் செய்தார்கள். இங்க்ளிங்ஸ் பற்றிக் குவிந்திருக்கும் நூல்களில் கால்பங்கு இவர்களைப் பற்றி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உம் நின்றுபோவதும் உண்டு. ஹியூகோ டைசன் இங்க்ளிங்ஸில் மிகவும் கலகலப்பானவர். டோல்கீனின் கதை அவருக்கு அறவே பிடிக்காது. 1947 வாக்கில் அந்த வாசிப்பைத் தடுக்கும் உரிமை அவருக்குக் கிடைத்துவிட்டதாக வாரனின் நாட்குறிப்பு வருத்தத்தோடு சொல்கிறது; டைசன் உள்ளே நுழைந்தால் வாசிப்பு நிற்கும். இத்தனைக்கும் அப்போது போரிலிருந்து திரும்பிய கிறிஸ்டோபர்தான் தந்தையின் அத்தியாயங்களை வாசித்துவந்தார்; தந்தையைவிட நன்றாக வாசிக்கிறார் என்பது எல்லார் கருத்தும். ஒரே ஓர் அன்பான நண்பரின் சலிப்பு ஓர் அறையையே ஊமையாக்க முடியும்.

டோல்கீனும் இதே தவற்றைச் செய்தார். 1949இல் லூயிஸ் நார்னியா என்ற சிறுவர் கதையின் முதல் அத்தியாயங்களை வாசித்தபோது அவருக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. வெவ்வேறு புராணங்களை ஒரே கதையில் அவியலாகக் கலப்பது அவர் ரசனைக்கு ஒவ்வாதது. இருபது வருடம் தமக்கு உம் கொட்டியவருக்கு இவரால் ஒரு ‘உம்’ தர முடியவில்லை. லூயிஸ் சோர்ந்தார். தம் பழைய மாணவர் ரோஜர் லான்ஸ்லின் கிரீனிடம் அதே பக்கங்களை வாசித்து, தொடரலாமா என்று கேட்டார். கிரீன் தொடரச் சொன்னார். 1950 முதல் 1956 வரை ஏழு நூல்கள் வந்தன. இதைப் படித்தபோது டோல்கீன் மேல் எனக்கு வருத்தம் வந்தது, இன்றும் இருக்கிறது. ரசனையைப் பொய்யாக்கிப் பாராட்டச் சொல்லவில்லை. ஆனால் பிடிக்காத கதைக்கும், மேலே என்ன நடக்கிறது என்று கேட்க முடியும் அல்லவா?

1949 அக்டோபரில் இரண்டு காரியங்கள் நடந்தன. பன்னிரண்டு வருடம் எழுதிய கதையின் தட்டச்சுப் படியை முழுதாகப் படித்துவிட்டு லூயிஸ் டோல்கீனுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சில குறைகளையும் சேர்த்துச் சொன்ன, நெஞ்சு நிறைந்த கடிதம். அதே மாதத்தோடு வியாழன் இரவுகள் முடிந்தன. ஒரு வியாழக்கிழமை யாரும் வரவில்லை, அவ்வளவுதான். நூலுக்கு ஒரு முடிவுரையை டோல்கீன் எழுதி வைத்திருந்தார்: ஊர் திரும்பிய தோழன் சாம், பயணத்தின் கதை எழுதிய ஏட்டைப் பிள்ளைகளுக்கு வாசிக்கிறான், பிள்ளைகள், அப்புறம் அந்தக் குதிரை என்ன ஆயிற்று, அந்தக் குள்ளன் எங்கே போனான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். படித்தவர்கள் எல்லாரும் வேண்டாம் என்றதால் அதை எடுத்துவிட்டார்.

1954இலும் 1955இலும் நூல் மூன்று தொகுதிகளாக வந்தபோது நட்பின் சூடு ஆறியிருந்தது. லூயிஸ் கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டார். இருவரும் அபூர்வமாகவே சந்தித்தார்கள். ஆனாலும் 1961ஆம் ஆண்டு நோபல் பரிசுக்கு யாரைப் பரிந்துரைக்கிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது லூயிஸ் டோல்கீன் பெயரை எழுதினார். ஐம்பது வருட இரகசிய விதி முடிந்து, ஸ்வீடிஷ் அகாதெமி ஆவணங்களைத் திறந்த பிறகே உலகத்துக்கு அது தெரிந்தது.

கிறிஸ்டோபரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். ‘தி ஹாபிட்’ இரவு நேரக் கதையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட காலத்தில் அவருக்கு நான்கைந்து வயது. போன தடவை நாயகன் பில்போ வீட்டுக் கதவு நீலம் என்றீர்கள், இப்போது பச்சை என்கிறீர்களே என்று ஒருநாள் குறுக்கிட்டார். தந்தை பையனை வைதுகொண்டே எழுந்துபோய் அதைக் குறித்துக்கொண்டார். 1973இல் தந்தை இறந்தபோது, 1917 வாக்கில் தொடங்கிய ‘தி சில்மரில்லியன்’ முடியாமல் கிடந்தது. கிறிஸ்டோபர் அதை ஒழுங்குபடுத்தி 1977இல் வெளியிட்டார். பிறகு எஞ்சிய கைப்பிரதிகளை 1983 முதல் 1996 வரை பன்னிரண்டு தொகுதிகளாகப் பதிப்பித்தார். 1992இல் வந்த ஒன்பதாம் தொகுதியில், பிள்ளைகள் கேள்வி கேட்கும் அந்த முடிவுரை இருக்கிறது. 1985இல் வந்த மூன்றாம் தொகுதியில் பெரென், லூதியென் கவிதை இருக்கிறது. அதன் பின்னே, இல்லாத பண்டிதர்களின் பெயரில் லூயிஸ் எழுதிய அந்தக் குறிப்புகளும், எந்த வரி எப்படித் திருத்தப்பட்டது என்ற விவரமும் இருக்கின்றன.